வாசலில் ஆடிய கனாரியோ

ஜனவரி, சனிக்கிழமை. புருசெத்.

இந்தக் குளிர்நாட்டில் குடியேறிய மன்னார் ஆட்களின் இன்றைய ஒன்றுகூடலில் என் கிற்றார் வாசிப்பைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டிருந்தான், பாடகர் குழுவை நடத்தும் அல்போன்ஸ். எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பும் நேரம். வேண்டுமென்றேதான் போட்டான்.

"அண்ணை, உந்த அஞ்சு சோடித் தந்திக் கிற்றார் நுளம்பு மாதிரி மெல்லிசாக் கத்துது. மைக்கைப் பிடியுங்கோ."

"வேண்டாம். கேக்கிறவன் கேக்கட்டும்."

அந்தக் காலத்து ஸ்பானியர் மைக் வைத்தா ஆடினார்கள்? நான் வாசிக்கிற கனாரியோ, அவர்கள் நிலத்தைக் காலால் உதைத்து ஆடிய ஆட்டம். அதன் வாசிப்பு, ஆசிரியர் இல்லாமல், பிழைவிட்டுப் பிழைவிட்டு நானே பழகியது.

முதல் சுற்றை யாரும் கேட்கவில்லை. சனம் வாசலில் பனிக்காலப் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தது. குதிக்காலை நிலத்தில் குத்தித்தானே அதை ஏற்ற வேண்டும்? அந்தக் குத்தல்கள் ஒவ்வொன்றாக என் தாளத்தில் வந்து விழுந்தன. நான் விடவில்லை. தந்திகளை இன்னும் பலமாக அடித்தேன்.

முதலில் ஆடியவள் என் மனைவி. "உந்தக் கிற்றார்ப் பெட்டியை வித்துத் துலையுங்கோ" என்று காலையிலும் சொன்னவள், ஒரு காலில் மட்டும் பூட்ஸோடு ஆடினாள். பிறகு வாசல் முழுக்கக் கோட்டும் தொப்பியுமாக ஆடினார்கள்.

"இன்னொருக்கா, அங்கிள்!"

மூன்று தரம் வாசித்தேன்.

அல்போன்ஸ் மைக்கைப் பிடித்தபடி சுவரோடு நின்றான். அவனுடைய வலது குதிக்காலும் நிலத்தைக் குத்தியது. நான் கண்டேன். நாளைக்குக் கேட்டால் இல்லையென்பான். சொல்லட்டும்.