பெண்ணையாற்றங்கரையில் ஆபீசர்

27.9.2012, வியாழன்

நாளை சாத்தனூர் அணையில் தொடங்கி, பெண்ணையாற்றை ஒட்டியே கடலூர் வரை சைக்கிள் பயணம். மூன்று நாள். திட்டம் என் வீட்டுக்காரர் அருணுடையது. கண்டாச்சிபுரம் பள்ளிக்குத் தலைமை ஆசிரியையாகப் போகச் சம்மதமா என்று புதன்கிழமைக்குள் நான் பதில் சொல்ல வேண்டும். ஆற்றோரமாகப் போய்க்கொண்டே பேசி முடிவு பண்ணலாம் என்கிறார். வேண்டாம் என்று இவர் எப்போதோ முடிவு பண்ணிவிட்டார். அதை என் வாயால் சொல்ல வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

28.9.2012, வெள்ளி

திருக்கோவிலூர் லாட்ஜ். முழங்கால் விண்விண்ணென்று தெறிக்கிறது. பகல் முழுக்க உபதேசம். ஆறு வறண்டு கிடக்கிறது, இவர் வாய்தான் வற்றவில்லை.

"நாலு பேர வேல வாங்க உனக்கு வராது டயானா. ஒருத்தன் வந்து சத்தம் போட்டான்னா அழுதுடுவ."

இருபது வருடம் வகுப்பெடுத்தவளிடம் இந்தப் பேச்சு. அவரை முந்திக்கொண்டு மிதித்தேன்.

29.9.2012, சனி

கோபம் இன்னும் அடங்கவில்லை.

காலையில் ஆற்று மணலில் இறங்கி நின்றுகொண்டு போட்டோ எடு என்று உயிரை வாங்கினார். சைக்கிளைத் தூக்கிப் பிடித்து, ஹெல்மெட்டோடு, ஹெல்மெட் இல்லாமல், தூரத்தைப் பார்த்து. பின்னால் மணல் லாரி நிற்கிறதே என்றேன். அதுவும் இருக்கட்டும், நல்லாயிருக்கும் என்றார்.

கரையேறும்போது பைக்கில் மூன்று பேர் வந்து மறித்தார்கள். எந்த ஆபீசிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார்கள். பேங்கில் வேலை என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். இவர் நெஞ்சை நிமிர்த்தி, "நான் ஆபீசர்" என்றார். கல்யாண வீட்டிலும் ரேஷன் கடையிலும் சொல்கிற அதே வார்த்தை. அவர்கள் முகம் மாறிவிட்டது. ஒருவன் இவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, லாரியை போட்டோ எடுத்தது யார் என்றான்.

"நான் எடுக்கலீங்க. எல்லாம் இவதான். வேணாம்னு அப்பவே சொன்னேன், கேக்கல."

சொல்லிவிட்டு ஓரடி பின்னால் போனார். என் முதுகுக்குப் பின்னால்! பாவி மனுஷா, பதினெட்டு வருஷமா உங்கூட குடும்பம் நடத்திக்கினு கீறேனே — என்னப் புடிச்சிக் குடுக்க ஒரு நிமிஷம் யோசிச்சியா நீ?

நான் அழவில்லை. கேமராவை நீட்டி, ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னேன். அவன் பார்த்துக்கொண்டே போனான்.

"எல்லாத்துலயும் நீங்கதான சார் கீறீங்க?"

மற்ற இருவரும் சிரித்துவிட்டார்கள். லாரி தெரிந்த படங்களை அழித்துவிட்டு, கேமராவை என்னிடமே கொடுத்து, நீங்க போங்க மேடம் என்றான்.

அதற்குப் பிறகு இவருக்கு வயிற்றுவலி வந்துவிட்டது. பஸ் ஏறி விழுப்புரம் போய்விடலாம் என்றார். நீங்கள் போங்கள் என்றேன். நீ தனியாக எப்படிப் போவாய் என்று கேட்டார். சிரிப்புதான் வந்தது. இதைப் பண்ருட்டியில் தோழி அக்னஸ் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

30.9.2012, ஞாயிறு

கடலூர். ஆறு கடலில் சேரும் இடம்வரை நான் மட்டும் ஓட்டினேன். இன்று பூசைக்குப் போகவில்லை. அதை மாதா மன்னிப்பாள். இவரை நான் மன்னிப்பதாக இல்லை.

3.10.2012, புதன்

சம்மதம் என்று சொல்லிவிட்டேன். இவரிடம் கேட்கவில்லை.

15.10.2012, திங்கள்

கண்டாச்சிபுரத்தில் முதல் நாள். நாற்காலி ஆடுகிறது, தச்சரை வரச் சொல்ல வேண்டும்.

வீடு திரும்பியபோது இருட்டிவிட்டது. இவர் இன்னும் பேசவில்லை. ஆனால் சோறு வடித்து வைத்திருந்தார். குழைந்து போயிருந்தது. நான் வடித்த சோறு கொஞ்சம் குழைந்தாலே தட்டைத் தள்ளிவிடுகிற மனிதர், எதிரே உட்கார்ந்து, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.