வைக்கோல் கூழ்

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். இங்கே சௌக்கியம். அங்கேயும் அப்படியே என்று நினைத்துக்கொள்கிறேன். போன் செய்தால் என் மகன்தான் பேசுகிறான். "நல்லாருக்கேன் அத்தை" என்பதோடு உன் பங்கு முடிந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். அவன் ஆபீஸ் போன பிறகுதான் அங்கே தபால் வரும் என்று நீயே ஒருமுறை சொல்லியிருக்கிறாய்.

மாமாவுக்கு முழங்கால் வலி தேவலை. மாத்திரையை விட்டுவிட்டு மாடிப்படியைத் திட்டிக்கொண்டிருக்கிறார். தையல் கடையில் பள்ளிச் சீருடை மலைபோல் கிடக்கிறது. காஜா எடுக்கும் பெண் நின்றுவிட்டாள். தலைக்கு மேல் வேலை.

இதற்கு நடுவில், அவன் சொன்னபடி உன் ஹாஸ்டல் அறையைக் காலி செய்யப் போன வாரம் போயிருந்தேன். காகித மில்லில் உன் வைக்கோல் கூழைக் காகிதமாக்க ஓட்டியபோது மெஷின் நின்றுவிட்டது, எல்லோர் முன்னாலும் அவமானமாகி, நீயே வெறுத்து ஆராய்ச்சியை விட்டுவிட்டாய் என்று சொல்லியிருந்தான். நானும் நம்பினேன்.

லேபிலிருக்கும் சாமான்களையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். உள்ளே தரையெல்லாம் ஈரம், வெந்த வைக்கோல் வாடை. உன்னோடு ஆராய்ச்சி செய்கிற பெண், நீ 'வாத்து' என்பாயே, ரப்பர் பூட்ஸோடு தத்தித் தத்தி வந்தாள். பெயர் பொருத்தம்தான். "அக்கா எப்ப வர்றாங்க?" என்று கேட்டாள். மெஷின் நின்றதில் வெறுத்து நீ விட்டுவிட்டதாகச் சொன்னேன். சிரித்துவிட்டாள்.

"மெஷின் நின்னதுக்கா? அன்னிக்குச் சாயங்காலமே இங்க வந்து கூழைக் கரைச்சுக்கிட்டு உக்காந்தவங்கம்மா அவங்க" என்றாள்.

பொடி நார் அதிகமாகித் தண்ணீர் வடியாமல் அடைத்ததால்தான் ஈரத்தாள் அறுந்து மெஷின் நின்றது என்று நீ கண்டுபிடித்தாயாம். பொடியைச் சலித்து எடுத்துவிட்டுக் கொஞ்சம் மரக்கூழ் கலந்து பார்க்கச் சொல்லிவிட்டு, இரண்டு வாரத்தில் வருகிறேன் என்றுதான் அவனைப் பார்க்க விமானம் ஏறினாயாம். அவள் அப்படியே செய்து பார்த்திருக்கிறாள். அந்தத் தாளை என் கையில் கொடுத்தாள். இழுத்தேன். கிழியவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

உன் பேராசிரியையையும் பார்த்தேன். மில்காரர்கள் அடுத்த மாதக் கடைசியில் இன்னொருமுறை மெஷின் தருகிறார்களாம். வேறு யாரையாவது வைத்து ஓட்டலாமே என்றேன். "அது அவ கூழ். அவ பக்கத்துல நிக்காம ஓட்ட மாட்டேன்" என்றார். நீ வரமாட்டாய் என்று அவருக்குப் போனில் சொன்னது என் மகனாம். உன் குரலை அவர் கேட்கவே இல்லை.

பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன். மெஷின் நின்றது நிஜம். மீதியெல்லாம் அவன் போட்ட ஒட்டு. மாமாவிடம் சொன்னேன். "புருஷன் பொண்டாட்டி விஷயம், நீ ஏன் மூக்கை நுழைக்கிற?" என்றார். நுழைத்தாகிவிட்டது.

அறையைக் காலி செய்யவில்லை. நீ வருவாய் என்று வார்டனிடம் சொல்லிவிட்டு, போர்வையை உதறி மடித்து, ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன்.

உங்களைப் பிரிக்கும் எண்ணம் எனக்கில்லை. அவன் கெட்டவனும் இல்லை, வீட்டில் விளக்கு எரியாவிட்டால் முகம் சுருங்குகிறவன். சமைக்கக் கற்றுக்கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறேன். நீ இங்கே வந்து ஆராய்ச்சியை முடிக்கிற நாலு மாதத்தில் அவனுக்குப் பட்டினியால் ஒன்றும் ஆகிவிடாது. கோபித்துக்கொண்டால் என்னோடு கோபித்துக்கொள்ளட்டும்.

வேளைக்குச் சாப்பிடு. நன்றாக இரு அம்மாடி. புறப்படுவதாக இருந்தால் அவனிடம் கேட்காதே, சொல்.

உன் நன்மையையே நினைக்கும்
அத்தை