தூக்கிய கை

12.10.1993, செவ்வாய்

விறைப்பு ஊசி மருந்து இந்த மாதமும் கப்பலில் வரவில்லை. குருநகரில் மீன் விற்கும் திரேசா பல் பிடுங்கும் குறடைக் கண்டதுமே வாயை இறுக மூடிக்கொண்டாள். இரண்டு பற்கள் சீழ் பிடித்திருந்தன. இனியும் தள்ளிப்போட முடியாது. ஊசிக்குப் பதிலாகக் கராம்பு எண்ணெய் தடவினேன்.

"நொந்தால் கையைத் தூக்கும் பிள்ளை, உடனை நிப்பாட்டுவன்" என்றேன்.

அதை நம்பித்தான் வாயைத் திறந்தாள்.

முதல் பல் ஆடத் தொடங்கியபோது கையைத் தூக்கினாள். நான் நிறுத்தவில்லை. பல் கழன்று வரும்வரை அந்தக் கை இறங்கவேயில்லை.

பிறகு பஞ்சைக் கடித்தபடி கேட்டாள்: "டொக்டர், நான் கை தூக்கினதை நீங்கள் காணேல்லைப்போல."

"ஓம் பிள்ளை, காணேல்லை" என்றேன்.

மற்றப் பல்லுக்கு வெள்ளிக்கிழமை வரச் சொன்னேன்.

தலையாட்டினாள். "அப்ப வெள்ளிக்கிழமை ரெண்டு கையையும் தூக்கிறன்."