அயன் மேசையில அலைச்சறுக்கினவர்

மச்சான்,

உன்ர முப்பத்தோராம் நாள் பூசைக்கெண்டு நேற்றுக் காலமை சட்டை அயன் பண்ண மேசையை விரிச்சன். மேசைக் காலில இன்னும் நீலப் பெயின்ற் ஒட்டிக் கிடக்கு. கால்களை மடக்கி, அலைச்சறுக்குப் பலகை எண்டு நான் கக்கத்தில இடுக்கிக்கொண்டு நிண்ட அதே மேசை. எங்கட பாட்டுச் சீடியின்ர அட்டைப் படத்தில பின்னால கடல், பக்கத்தில ஒரு டெனிஷ்காரன்ர பழைய அமெரிக்கன் கார், நடுவில என்ர தலைமயிர். எனக்கு நீச்சலும் தெரியாது, லைசென்சும் இல்லை.

நாலு பேர் கொண்ட குழு எண்டு அட்டையில போட்டம். மற்ற மூண்டு பேரும் என்னோட பேக்டரியில நிண்ட பெடியள். பாடினது நீ ஒருத்தன். சில்க்போர்க்கில உன்ர வீட்டுக்கு அடியில இருந்த கெல்டரில, சுவரில மெத்தையைச் சாத்திப்போட்டு, உன்ர குரலை நாலுதரம் ஒண்டுக்கு மேல ஒண்டாய்ப் பதிஞ்சாய். அலையையும் காரையும் பற்றித் தமிழில பாட்டு. படத்துக்கு நீ வேண்டாம் எண்டதும் நான்தான். "உன்ர மொட்டையைக் கண்டால் அலை திரும்பிப் போயிடும் மச்சான்." நீயும் சிரிச்சாய்.

ரெண்டாவது பாட்டின்ர நடுவில ஒருக்கா இருமினாய். என்ர முகத்துக்கு இருமல் சரிவராது எண்டன். அழிச்சுப்போட்டாய்.

கோல்டிங், அல்பர்ட்ஸ்லுண்ட் எண்டு மண்டபம் மண்டபமாய்ப் போய் சீடிக்கு வாயசைச்சம். சனம் ஆடிச்சுது. பிறகு ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சாமத்தியவீட்டில சீடி சிக்குப்பட்டு ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிப் பாடிச்சுது. என்ர வாய் அடுத்த வரிக்குப் போயிட்டுது. முன்வரிசையில இருந்த அக்கா ஒருத்தி கேட்டா, "அப்ப ஆர் தம்பி பாடுறது?"

நீ மிக்ஸருக்குப் பக்கத்தில நிண்டாய். உன்ர பக்கம் நான் ஒரு விரல் நீட்டியிருந்தால் காணும்.

"கொம்பியூட்டர், அக்கா" எண்டன். சனம் சிரிச்சுது. நீ வயரைச் சுருட்டத் தொடங்கினாய். குழு அண்டைக்கே முடிஞ்சுது. பிறகு கோயில்ல பூசைப் பாட்டுக்குக் கூட நீ வாய் திறக்கேல்லை.

நேற்றுப் பூசை முடிய, உங்கட வீட்டில உன்ர மகளுக்கு அந்த சீடியைப் போட்டுக் காட்டினன். அப்பா பாடுவாரெண்டே அவளுக்குத் தெரியாது. "நாலு குரலும் அப்பான்ரதான் பிள்ளை" எண்டன். அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், டெனிஷில சொன்னாள், "மாமா, இண்டைக்குமா பகிடி?"

அவளில பிழையில்லை. பிறந்தது துவக்கம் என்ர வாயால அவள் கேட்டது பகிடி மட்டும்தான்.

ஆனால் உன்ர இருமல் அவளுக்குத் தெரியும். விடிய நீ வேலைக்கு எழும்பேக்க வீடெல்லாம் கேட்ட இருமல். ரெண்டாவது பாட்டு, நான் இருமலை அழிப்பிச்ச அந்த இடத்துக்கு வருமட்டும் கதிரையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். அவளுக்கு ஒண்டும் கேட்கேல்லை மச்சான். எனக்குக் கேட்டுது.