நாள் பார்க்காமல் புறப்படுங்கள்

கரங்சாரி,
நோன்பு தொடங்க இன்னும் பன்னிரண்டு நாள்.

என் பேத்தி பலுபி உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கவும், ஜகார்த்தாவின் புகையும் வெள்ளமும் உன்னை அண்டாமல் இருக்கவும் துஆ செய்து பாட்டி துக்கினெம் எழுதுவது. நான் நலம். வலது முழங்கால் மட்டும் நலமில்லை, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

உன் கடிதமும் காரின் படமும் கிடைத்தன. தபால்காரர் பக்கத்து வீட்டு சுமினியிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவள் உறையை வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் தந்தாள். எரிமலைச் சாம்பல் விழுந்த வருஷம் என் அம்மியை இரவல் வாங்கிப் போய் இரண்டு துண்டாகத் திருப்பிக் கொடுத்தவள் இவள்தான். அவளுக்குப் படத்தைக் காட்டவில்லை.

முதல் முதலாகச் சேர்த்த பணத்தில் பெண்பிள்ளைகள் வளையல் வாங்குவார்கள். நீ உன்னைவிடப் பதினைந்து வயது மூத்த காரை வாங்கியிருக்கிறாய். வெளிர்பச்சை நிறம், முன்பக்கம் பல்லைக் காட்டிச் சிரிக்கிற மாதிரி. பார்த்ததும் தெரிந்துவிட்டது. எங்கள் பழைய ஊர்த்தலைவரிடம் இருந்ததும் இதே ஜெர்மன் கார்தான். உன் அப்பா சர்வோனோ ஆறு வருஷம் அதை ஓட்டினான். உனக்கு இது தெரியுமா, தெரிந்துதான் வாங்கினாயா, நீ எழுதவில்லை.

பெருநாளுக்கு அதிலேயே ஊருக்கு வருகிறேன் என்கிறாய். வா. ஆனால் நான் சொல்கிறபடி வா. விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் கிளம்பு. கடற்கரைச் சாலையில் பஸ்காரர்களோடு போட்டி போடாதே. சிரெபோனில் நிறுத்தி வண்டிக்கும் உனக்கும் ஓய்வு கொடு. பயணத்தில் நோன்பு விட்டால் பிறகு பிடித்துக்கொள்ளலாம், மயங்கி விழ வேண்டாம். ராத்திரி தெகாலில் தங்கு, ஆனால் உன் தாத்தாவின் தங்கை வீட்டில் தங்காதே. என் கல்யாணத்தன்று எல்லார் முன்னாலும் என் துணியைத் தொட்டுப் பார்த்து, "வாடகைக்கு எடுத்ததா அண்ணி?" என்று கேட்டவள் அவள். வாடகைக்கு எடுத்ததுதான், ஆனால் அவள் கேட்டிருக்கக் கூடாது. மறுநாள் பூர்வொகெர்தோ, பஞ்சார்நெகாரா வழியாக மலை ஏறு.

கிளம்புகிற நாளையும் பார்த்துவிட்டேன். பட்டணத்தில் பிறந்த உனக்கு, ஐந்து நாளுக்கொரு முறை சுற்றி வரும் ஐந்து சந்தை நாளின் பெயர்கூடத் தெரியாது. வாரநாளுக்கு ஓர் எண், சந்தை நாளுக்கு ஓர் எண், இரண்டையும் கூட்டிப் பார்க்காமல் நான் நெடுவழி கிளம்பியதில்லை. பெருநாளுக்கு முந்தின சனிக்கிழமை பஹிங் சந்தை நாளோடு சேர்ந்து வருகிறது. கூட்டினால் பதினெட்டு. அதற்கு மேல் எண் கிடையாது. அன்று சூரியன் கிளம்புமுன் கிளம்பினால் கல்லும் வழிவிடும்.

கியர் கம்பி ஸ்டியரிங்குக்குக் கீழே இருப்பதால் உன் கைக்கு வசப்படவில்லை, ஓட்ட ஆள் தேட வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். ஜகார்த்தாவில் அந்தக் கியரைக் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடியவன் யார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் வருவானா என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

பாட்டி துக்கினெம்


கரங்சாரி,
நோன்பு ஆறு.

பலுபிக்கு, இந்த மாதத்தின் பலன் முழுவதும் உன் வீட்டுக்குச் சேரட்டும்.

நீ எழுதியதைப் படித்தேன். உன் அப்பா தினமும் நோன்பு திறந்ததும் காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறான், ரப்பர் குழாயெல்லாம் மாற்றிவிட்டான், ஆனால் ஊருக்குக் கூப்பிட்டால், "வண்டியைச் சரி பண்ணித் தர்றேன், ஆளை வச்சு ஓட்டிக்கிட்டுப் போ, என்னை விடு" என்கிறான். ஏன் என்று நீ என்னைக் கேட்டிருக்கிறாய்.

உனக்கு இருபத்திரண்டு வயதாகிறது. சொல்கிறேன்.

நம் ஊருக்கும் டவுனுக்கும் நடுவில் ஒரு மேடு இருக்கிறதே, எந்தப் பக்கத்திலிருந்து ஏறினாலும் உச்சியில் ஒரு பெரிய ஆலமரம் வரும். உன் தாத்தா மங்குனுக்கு நெஞ்சுவலி வந்த அன்று உன் அப்பா தலைவரின் காரை எடுத்து வந்து, அவரைப் பின்சீட்டில் படுக்கவைத்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அந்த ஆலமரத்தடியில் கார் கொதித்து ஆவி கக்கியது. நிறுத்திவிட்டான். ஊற்று கீழே ஓடைப்பக்கம். அங்கே போய்த் தண்ணீர் எடுத்து வருவதற்குள் உன் தாத்தா போய்விட்டார். பக்கத்தில் ஒரு ஆள் இல்லாமல், அடுத்தவர் காரில்.

உடலைக் கொண்டுவந்தபோது முற்றம் நிறைய ஜனம். நான் எல்லார் முன்னாலும் கேட்டேன். "காரைப் பாத்தியாடா, அப்பனைப் பாத்தியா? எஞ்சின் வெடிச்சா வெடிக்கட்டும்னு ஓட்டியிருக்கக் கூடாதா?" என்றேன். அவன் வாய் திறக்கவில்லை. ஏழாம் நாள் ஓதி முடிந்ததும் பஸ் ஏறினான். நாற்பதாம் நாளுக்கு வரவில்லை, நூறாம் நாளுக்கு வரவில்லை, ஆயிரமாம் நாளுக்கும் வரவில்லை. மூன்றையும் எண்ணி வைத்திருக்கிறேன். பெருநாளுக்குப் பெருநாள் எனக்குத் துணி மட்டும் வரும். இருபத்துமூன்று துணி பெட்டியில் மடித்தபடி இருக்கிறது. ஒன்றையும் உடுத்தவில்லை.

அதுதான் விஷயம். என் பக்கம் நியாயம் இல்லையா என்று நீயே சொல்.

பஸ் நிலையத்தில் மெக்கானிக் வேலை பார்க்கும் குஸ்னோவைக் கூப்பிட்டு, இந்தப் பழைய கார் அந்த மேட்டை ஏறுமா என்று கேட்டேன். காசு வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு மூன்று டம்ளர் இனிப்புத் தேநீரோடு என் வெல்லத்தையும் தீர்த்தவன். நோன்பு திறந்த பிறகுதான், அதில் குறை சொல்ல மாட்டேன். படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஏறும் பாட்டி. மெதுவா ஏறினா ஏறும். அவசரப்பட்டா உச்சியில கொதிக்கும்" என்றான். கொதித்தால் நிறுத்தாமல் ஓட்ட முடியாதா என்று கேட்டேன். சிரித்தான். "ஓட்டினா எஞ்சின் இறுகி நின்னுரும். அந்தச் சரிவில நின்னா வண்டி பின்னாலேயே உருண்டு ஓடையில கிடக்கும். நிறுத்துறவன்தான் டிரைவர்" என்றான்.

டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அவன் விடவில்லை. "உங்க மகன் நல்லா ஓட்டுறவராச்சே, அன்னைக்கு ஏன் பாட்டி அவ்வளவு வேகமா ஏறினாரு?" என்று கேட்டான்.

அடுப்பில் வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுப்பில் வேலை ஒன்றுமில்லை.

சனிக்கிழமையை மறந்துவிடாதே. டிரைவர் கிடைத்தால் எழுது.

பாட்டி


கரங்சாரி,
நோன்பு பத்தொன்பது.

பலுபி, கண்ணே,

உன் கடிதம் நேற்று வந்தது. சுமினி தொடவில்லை, நானே வாசலில் நின்று வாங்கிக்கொண்டேன்.

நான் குறித்துக் கொடுத்த சனிக்கிழமையை உன் அப்பாவிடம் சொன்னாயாம். அவன் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்து, "அம்மா இன்னும் நாள் பாக்குறாங்களா?" என்று மட்டும் கேட்டானாம். பிறகு கையைக்கூடக் கழுவாமல் வெளியே போய்விட்டானாம், அன்று சாப்பிடவே இல்லையாம். நாள் பார்ப்பதில் என்ன தப்பு பாட்டி என்று நீ எழுதியிருக்கிறாய்.

ஆக, அவன் உன்னிடமும் சொல்லவில்லை. உன் அம்மாவிடமும் சொல்லியிருக்க மாட்டான். எத்தனையோ பேர் கேட்டிருப்பார்கள், அப்பனைச் சாகவிட்டவன் என்று எத்தனையோ பேர் பேசியிருப்பார்கள். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பழி அவனை விட்டு என் மேல் வந்திருக்கும். சொல்லவில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை, வாகே சந்தை நாள். கூட்டினால் ஏழு. அதைவிட மட்டமான எண் கிடையாது. அந்த நாளில் வீட்டை விட்டுக் கிளம்பக் கூடாது, தவிர்க்க முடியாமல் கிளம்பினாலும் சூரியன் சமையற்கட்டுக் கூரைக்கு மேலே வந்த பிறகுதான் கிளம்ப வேண்டும், புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வாசல் தாண்டக் கூடாது. என் அம்மா எனக்குச் சொன்னது அது.

உன் அப்பா காலையிலேயே காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். நான் உன் தாத்தாவை வெளியே விடவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் மூன்று தடவை ஹாரன் அடித்தான். மூன்றாவது ரொம்ப நீளம். உள்ளே வந்து, "அம்மா, அப்பா முகத்தைப் பாருங்கம்மா" என்றான். "நாளைப் பாருடா, நல்ல நேரத்துல போனாத்தான் உசுரோட திரும்புவாரு" என்றேன். கூரையைப் பார்த்தபடி அவனை இரண்டு மணி நேரம் நிறுத்திவைத்தேன். அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் அவன் அந்த மேட்டில் பிடிக்கப் பார்த்தான். குஸ்னோவுக்கு நான் சொல்லாத பதில் இதுதான்.

சேர்ந்து வாசல் தாண்டக் கூடாது என்று நானும் ஏறவில்லை. ஏறியிருந்தால் அவன் தண்ணீருக்கு ஓடின நேரம் உன் தாத்தாவின் கையை நான் பிடித்துக்கொண்டு இருந்திருப்பேன்.

சுமினி உடைத்த அம்மி நினைவிருக்கிறது, நாத்தனார் கேட்ட கேள்வி நினைவிருக்கிறது. எது எந்தக் கிழமை என்றுகூடச் சொல்வேன். இதை மட்டும் குஸ்னோவுக்கு முன்னால் யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தச் சாலையை அதன் பிறகு நான் மிதித்ததில்லை. சந்தைக்குப் போனாலும் ஓடையோரமாகச் சுற்றித்தான் போகிறேன். முழங்கால் போனது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

பெருநாள் காலையில் பெரியவர்கள் நாற்காலியில் உட்காருவோம், பிள்ளைகள் வந்து மண்டியிட்டு மன்னிப்புக் கேட்பார்கள். உன் சித்தப்பாக்கள் பிள்ளைகளோடு வந்து முடித்த பிறகும் நான் எழுந்திருக்காமல் இருப்பதை நீயே பார்த்திருக்கிறாய். முதுகு வலி என்று சொல்லியிருப்பேன். அவன் வருவான் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். அவன்தான் வந்து மண்டியிட வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

இனி நான் சொல்வதை அப்படியே செய். சனிக்கிழமை என்று சொன்னதை அடித்துவிடு. உனக்கு லீவு கிடைக்கிற நாள் எதுவோ அன்று கிளம்பு. செவ்வாயானாலும் சரி, வாகேயானாலும் சரி, நடுப்பகலானாலும் சரி. தெகாலில் நாத்தனார் வீட்டிலேயே தங்கு. பாவம், அவளுக்கும் வயதாகிவிட்டது, உன்னைக் கண்டால் சந்தோஷப்படுவாள். வாடகைத் துணியைப் பற்றி அவள் எடுத்தால் மட்டும் எனக்கு எழுது.

டிரைவர் தேடாதே. இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய், அவன் காருக்கு அடியில் படுத்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து படி. எழுந்து போக முடியாத இடத்தில் இருக்கும்போது படி. முதலிலிருந்து கடைசிவரை, நான் எழுதினபடியே. அவன் ஒன்றும் சொல்லாவிட்டால் பரவாயில்லை. அவன் சொல்லாமலே இருந்து பழகினவன்.

மேட்டை மெதுவாக ஏறச் சொல். பெருநாளுக்கு முந்தின மூன்று நாளும் காலையிலிருந்து இருட்டும்வரை நான் அந்த ஆலமரத்தடியில் இருப்பேன். குஸ்னோ மோட்டார் சைக்கிளில் ஏற்றிவிடுகிறேன் என்றான், முறைத்துவிட்டுச் சரி என்றேன். உன் அப்பா அனுப்பின துணிகளில் மாந்தளிர் நிறத்தில் ஒன்று இருக்கிறது, முதல் வருஷம் அனுப்பினது. அதை உடுத்தியிருப்பேன், தூரத்திலிருந்தே அவனுக்கு அடையாளம் தெரியும். இரண்டு கேன் நிறையத் தண்ணீர் வைத்திருப்பேன். வண்டி கொதித்தால் அங்கேயே நிறுத்தட்டும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கட்டும். தண்ணீர் தேடி அவன் ஓடைக்கு இறங்க வேண்டாம் என்று சொல்.

உன் தாத்தா கடைசியாக இருந்த இடத்தில் உட்கார்ந்து உங்களுக்காக துஆ செய்துகொண்டிருக்கும்,

சர்வோனோவின் அம்மா