ஓடு என்ற சொல் இல்லாத தாள்

அன்பு மகளே,

இது நானே எழுதும் முதல் கடிதம். பக்கத்து வீட்டு ஒட்டிலியா ஆறு மாதமாக எழுத்துச் சொல்லித் தருகிறாள். எழுத எழுத இனிக்கிறது.

நீ அனுப்பிய தாளையும் நானே படித்தேன். நான்கு நாள் ஆனது. “நம்ம ஷ்டியாவ்னிட்சா மாதிரிப் பழைய ஊருல கூரை ஓடு மாத்தக்கூட அனுமதி வாங்கணும்ப்பா, வழக்கம்போல கையெழுத்துக்குப் பதிலா மூணு சிலுவை போடுங்க” என்றாய். தாளில் ஓடு என்ற சொல்லே இல்லை. வீட்டை வாங்கும் விடுதிக்காரர் பெயர் இருக்கிறது. நம் நிலவறையிலிருந்து சுரங்கத்துக்குப் போகும் கதவுகூட இருக்கிறது. அவசரத்தில் தாள் மாறியிருக்கும்.

“கெழவா, அதை அடுப்புல போடு” என்றாள் ஒட்டிலியா. போடவில்லை. நான் படித்து முடித்த முதல் தாள் அல்லவா, சுவரில் ஒட்டிவிட்டேன். சிலுவை போடவில்லை, இனிப் போடவும் மாட்டேன்.

நான் இறந்து, சுரங்கத் தொழிலாளி இறந்தால் தட்டும் மரப்பலகையை எனக்காகவும் கோபுரத்தில் தட்டும் நாளில் வீடு உன்னுடையது. அதுவரை இங்கே நீ விருந்தாளி. பனி விழுமுன் வா, முட்டைக்கோஸ் சூப்பு வைக்கிறேன்.

உன் அப்பா