வெறும் குழாய்க்கு ஊற்றிய தண்ணீர்

லிங்கராஜுக்கு அம்மா எழுதுவது.

நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்று பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். அன்புள்ள என்று தொடங்கக் கை வரவில்லை. போனில் பேசினால் ரேஞ்சு இல்லை என்று வைத்துவிடுவாய். அதனால் லீவு முடிந்து உன் கம்பெனிக்குத் திரும்பும் தங்கபாண்டியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

மாளவிகாவுக்கு வலது கையில் மூன்று விரல் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. பேனா பிடித்தால் எழுத்து கோணுகிறது. நாளாகும், ஆனால் சரியாகும் என்று டாக்டர் சொன்னார். உன் மகள் இப்போது நம் கேட்டைத் தொடுவதில்லை. பள்ளி விட்டு வந்து வெளியே நின்று ஆச்சி என்று கூப்பிடுகிறாள். நான் போய்த் திறக்கிறேன்.

ஐப்பசி ஒன்பது, பகல் மூன்றரை மணி. மழைகூட இல்லை. அவள் கேட்டில் கை வைத்த நேரம் பக்கத்துத் தென்னையில் இடி விழுந்தது. மாடியில் டிஷ் கருகியது, அலாரம் ஊளையிட்டு அடங்கியது, கேட் மோட்டார் புகைந்தது. பிள்ளை தெருவில் கிடந்தாள். உன் பெண்டாட்டி இதில் பாதிதான் உன்னிடம் சொல்லியிருப்பாள்.

எனக்கு எலக்ட்ரீஷியன் ஆன்சன்மேல்தான் ஆத்திரம் வந்தது. மூன்றுக்கும் வயரிங் செய்தவன் அவன்தானே. இடியை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் குழி வெட்டி, கம்பி இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடியாச்சு, மண் காயாமல் தினம் தண்ணீர் ஊற்றுங்கள் என்று கேட்டருகே நின்ற குழாயைக் காட்டினவனும் அவன்தான். இரண்டு வருஷம் நாலு மாசம் ஊற்றினேன், முழங்கால் வீங்கிக் கிடந்த நாளிலும். பொன்முடி எஸ்டேட் லயத்தில் பிச்சைக்கனி பெண்டாட்டி கம்பிக்கொடியில் துணி எடுக்கும்போது இடி விழுந்து செத்துப்போனாளே, உனக்கு அப்போது ஆறு வயது. என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாய். அதனால்தான் நீ வீடு கட்டும்போது வேறெதுவும் கேட்காமல் அந்த ஒன்றை மட்டும் கேட்டேன்.

ஜங்ஷனில் நாலு பேர் முன்னால் ஆன்சனைப் பிள்ளையைக் கொல்லப் பார்த்தவன் என்று ஏசினேன். தலை குனிந்து நின்றான். அதன் பிறகு நம் தெருவில் மூன்று வீடு அவனுக்குப் பேசி வைத்த வேலையை நிறுத்திவிட்டார்கள். பொறுக்கமாட்டாமல் அவன் பெண்டாட்டி ரேஷ்மி வந்து, வீடு கட்டும்போது நீ அவனுக்கு அனுப்பின குரலைப் போனில் போட்டுக் காட்டினாள்.

"முற்றத்துத் தரை ஓட்டை இளக்கிப் பெயர்க்க வேண்டாம் டே, புதுவீட்டுப் பால்காய்ச்சுக்கு ஆள் வரும். பேருக்கு ஒரு குழாய் நட்டு வை. அம்மை தினமும் வெள்ளம் ஊத்திச் சமாதானமா இருந்துக்கும்."

நீ சிரித்ததும் அதில் கேட்டது.

போய்க் குழாயைப் பிடித்து இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. ஒரு முழம்கூட இல்லை.

ஆன்சனும் எனக்கு நல்லவன் இல்லை. என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னவன்தான், சாகும்வரை மறக்க மாட்டேன். ஆனாலும் உன்னைக் காட்டிக்கொடுக்காமல் ஏச்சு வாங்கினான். அவனை ஏசியதை அன்றைக்கே போனில் உன்னிடம் சொன்னேன். அவன் வேலை அப்படித்தான் அம்மா என்றாய். இடியைக்கூடப் பொறுத்துக்கொள்வேன் லிங்கராஜு, இதைப் பொறுக்க முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஆன்சன் கூப்பிடாமலே வந்து முற்றத்துத் தரை ஓட்டைப் பெயர்த்தான். பாறை தட்டியது, தள்ளி வேறிடம் வெட்டினான். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். என்னைவிட உயரமான கம்பி முழுக்க இறங்கியது. டிஷ், அலாரம், கேட் மூன்றையும் அதில் சேர்த்து மீட்டர் வைத்துப் பார்த்தான். பால் விடாத கட்டஞ்சாயா மட்டும் கொண்டு வைத்தேன்.

அந்த மூன்று வீட்டுக்கும் நீ போன் போட்டு நடந்ததைச் சொல்லு. நானே சொல்லிவிடலாம். என் மகன் பொய்யன் என்று என் வாயால் சொல்ல வைக்காதே.

மார்கழியில் லீவுக்கு வரும்போது முதலில் ஆன்சன் வீட்டுப் படி ஏறு. பிறகு நம் வீட்டுக்கு வா. கேட்டை நீயே தொட்டுத் திறக்கலாம், பயமில்லை. மாளவிகா பார்க்கத் திற. இன்றைக்கும் புதுக் குழியில் இரண்டு குடம் ஊற்றியிருக்கிறேன்.

கைகால் சுகத்தோடு வந்து சேர்.

அம்மா
செண்பகவல்லி